திண்டிவனம் போய் சும்மா படுக்கக் கற்றுக்கொண்டு வந்த கதை

நாற்பத்தாறு வயதில் குனிந்து செருப்பு வார் மாட்ட முடியாத ஒரு ஆள் பயணக் கட்டுரை எழுதுவது கொஞ்சம் வெட்கக்கேடுதான். ஆறு மாதமாக எனக்கு இடுப்பு வலி. தாம்பரத்தில் ஒரு டாக்டர் பெல்ட் கொடுத்தார், இன்னொரு டாக்டர் அந்தப் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரர் செஞ்சிப் பக்கம் வல்லத்துக்காரர். நான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும் அழகைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் ஒருநாள் சொன்னார்: "திண்டிவனத்துல லூர்து டீச்சர்னு ஒருத்தங்க இருக்காங்க. எங்க அக்கா பத்து வருஷமா போய்க்கினு இருக்குது. ஒருவாட்டி போய்ட்டுதான் வாங்களேன்."

இப்படித்தான் மார்ச் மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை, ஒன்றரை நாள் பயணமாகத் திண்டிவனம், விழுப்புரம், பனமலை என்று போய்வந்தேன். என்னைப் போல வலியோடு போகிறவர்களுக்கும், வலி இல்லாமலே போகிறவர்களுக்கும் உதவும் என்று நேரம், தூரம், செலவு எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். நேரம் குறிப்பது என் வியாதி. அதைப் பற்றிப் பின்னால் வரும்.

கிளாம்பாக்கத்தில் மதியம் 2.10க்கு விழுப்புரம் பஸ் ஏறினேன். திண்டிவனத்துக்குச் சுமார் தொண்ணூறு கிலோமீட்டர். டிக்கெட் நூற்றுப் பத்து ரூபாய். ஏறும்போதே "ஊருக்குள்ள போவுமா?" என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. பைபாஸில் இறக்கிவிட்டுப் புழுதியோடு போய்விட்டார்கள். அங்கிருந்து ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் தண்டம். 4.25க்குப் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன், வாடகை அறுநூற்று ஐம்பது. சுத்தமான அறைதான், ஆனால் ஃபேனுக்கு ஒரே வேகம். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, சீசன் என்பதால் தெருவெல்லாம் மூட்டை ஏற்றிய வண்டிகள், காற்றிலேயே பச்சை மல்லாட்டை வாசம்.

யோகா ஆசிரியர் என்றதும் என் மனதில் இருந்த படம் உங்களுக்குத் தெரிந்ததுதான்: தாடி, காவி, சந்தன வாசனை. 5.30க்கு நான் தேடிப்போன கூடத்தில் இருந்ததோ, கழுத்தில் ஜெபமாலையும் இடுப்பில் செருகிய சேலையுமாகத் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா. வயது ஐம்பத்தெட்டு. உயரம் குறைவு. விளக்குமாற்றை வைக்கக் குனிந்து நிமிர்ந்ததில் ஒரு முனகல் இல்லை, முட்டியில் கையை ஊன்றவில்லை. நான் பொறாமையோடு பார்த்தேன். அவர்தான் லூர்து மேரி டீச்சர்.

உட்காரச் சொன்னார். வலி எங்கே, எத்தனை நாளாக என்று விசாரித்தார். பிறகு என் முகத்தையே பார்த்துக் கேட்டார். "சுகர், பிரஷர் ஏதாவது இருக்குதுங்களா? மாத்திரை ஏதும் போடறீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க டீச்சர்" என்றேன்.

பொய். இரண்டு வருடமாகக் காலையில் சாப்பிட்டதும் ஒரு பிரஷர் மாத்திரை போடுகிறேன். வீட்டைத் தவிர யாருக்கும் தெரியாது, ஆபீஸ் பெட்டியில்கூட அதை வைட்டமின் டப்பாவில்தான் வைத்திருக்கிறேன். ஏன் மறைத்தேன் என்று கேட்டால் பெரிய காரணம் எதுவும் இல்லை. பிரஷர் என்று சொன்னால் வயசாளிகள் வரிசையில் உட்காரவைத்துவிடுவார்களோ என்ற அற்ப கௌரவம். அதோடு, சொன்னால் நல்ல ஆசனங்களைக் கொடுக்கமாட்டார் என்ற பேராசையும்.

"சரி, எனக்கு என்ன ஆசனம் டீச்சர்?" என்றேன். நாளை மாலைக்குள் கற்றுக்கொண்டு ஊர் திரும்புவதாகத் திட்டம்.

அவர் சிரித்தார். "அவ்ளோ ஜல்தியா குடுக்க முடியாதுங்க. ஒரு நாள் ஆளைப் பாத்துட்டுத்தான் குடுப்பேன். எங்க வாத்தியார் வெச்ச வழக்கம். ஆளு எப்டி வேலை செய்யறாங்க, எப்டி உக்கார்றாங்க, எப்டி சாப்பிடறாங்கன்னு ஒரு நாளு கூடவே இருந்து பாக்கணும். நாளைக்கு எனக்கு விழுப்புரத்துல ஒரு பரீட்சை. வேணும்னா காலையில வகுப்பைப் பாத்துட்டு எங்ககூட வாங்க."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல இருந்தது எனக்கு. டீச்சரோடு ஒரு நாள் முழுக்கச் சுற்றினால் எழுத விஷயம் கிடைக்குமே! அவர் என்னைப் பார்ப்பதற்காகத்தான் கூப்பிடுகிறார் என்பது அந்த நேரத்தில் மண்டையில் ஏறவே இல்லை.

சனிக்கிழமை காலை 5.20க்குக் கூடத்துக்குப் போனேன். முப்பத்தெட்டுப் பேர் எண்ணினேன். பாதிக்கு மேல் பெண்கள். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில், ஊர்க்காரர்கள் வாயில் அது வெறும் 'கமிட்டி', மல்லாட்டை கூட்டிப் புடைத்து அள்ளும் பெண்கள். வேலைக்குப் போகும் சேலையிலேயே வந்திருந்தார்கள். மீதிப்பேர் டெய்லர்கள், டிரைவர்கள், கோட்டக்குப்பத்திலிருந்து வந்திருந்த ஒரு பாய். வளைகுடாவில் இருபது வருடம் கிரேன் ஓட்டிக் கழுத்து போனவர் அந்த பாய்.

வகுப்பு ஆரம்பித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு யோகா வகுப்பு என்றால் எல்லாரும் ஒன்றாகக் கையைத் தூக்குவார்கள், ஒன்றாக இறக்குவார்கள் அல்லவா? இங்கே முப்பத்தெட்டுப் பேரும் முப்பத்தெட்டு விதம். ஒருவர் சுவரைப் பிடித்து நிற்கிறார், ஒருவர் குப்புறப் படுத்துத் தலையைத் தூக்குகிறார், ஒரு அம்மா சம்மணம் போட்டுத் தோளை மட்டும் சுழற்றுகிறார். ஒரு ஆளுக்கு ஒரு ஆசனம், அதுவும் ஒரு வருடத்துக்கு. அடுத்த வருடம்தான் அடுத்தது. எல்லாருக்கும் பொதுவாக இருந்தது டீச்சரின் எண்ணிக்கை ஒன்றுதான். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." மந்திரம் கிடையாது, பாட்டுக் கிடையாது. ஆறு வரை மூச்சை இழுப்பது, ஆறு வரை விடுவது. ஐந்து நிமிடத்தில் என் சிரிப்பு நின்றுவிட்டது. உடம்பு ஒவ்வொன்றும் ஒரு பக்கம் இருக்க, முப்பத்தெட்டு மூச்சும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியது.

ஏன் ஆறு என்று கேட்டேன். "மூணாவது வரிசையில மெரூன் கலர் சேலை, பாத்தீங்களா சார்? அதுக்கு நேத்திலேர்ந்து சளி. இங்க யாருக்கு மூச்சு கம்மியா இருக்குதோ அவங்க கணக்குதான் எல்லாருக்கும்" என்றார். நல்ல நாளில் பத்து வரை போகுமாம்.

7.40க்குப் பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு ஓட்டலில் டீச்சரோடு டிபன். இட்லி, வடை, காபி, எனக்கு எழுபது ரூபாய். அங்கேதான் குமரேசன் சேர்ந்துகொண்டார். வயது ஐம்பத்திரண்டு, கழுத்தில் விசில். தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை நிமிடம் நிற்க வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும் என்று கத்துகிற வேலை. வலது கண் அசையாமல் ஒரே இடத்தில் நின்றது. டீச்சரின் பரீட்சைக்கு விண்ணப்பம் எழுதிப் போட்டதே அவர்தான். இருவரும் காபிக்குக் காத்திருந்தபோது நான் கை கழுவுகிற மாதிரி எழுந்து போய், சுவரைப் பார்த்து நின்று என் மாத்திரையை விழுங்கிவிட்டு வந்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

8.15க்கு விழுப்புரம் பஸ். முப்பத்தெட்டு கிலோமீட்டர், முப்பத்தைந்து ரூபாய், ஐம்பத்தைந்து நிமிடம். டீச்சர் பெண்கள் பக்கத்து ஜன்னலோரம், நடுவில் நடைபாதை, இந்தப் பக்கம் நானும் குமரேசனும். டீச்சரின் கதையை நான் கேட்டது இந்தப் பஸ்ஸில்தான். அவர் கொஞ்சமும் குமரேசன் நிறையவுமாகச் சொன்னார்கள்.

இருபத்திரண்டு வயதில் லூர்து மேரி ஒரு எண்ணெய் மில்லில் மல்லாட்டை உடைக்கும் வேலையில் இருந்தார். தோல் தூசியில் இளைப்பு வந்துவிட்டது. படியேறினால் மூச்சு வாங்கும், ராத்திரி படுக்க முடியாது. எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. அந்த மில்லுக்கு மல்லாட்டை போட வந்த பனமலைக்காரர் ஒருவர், விவசாயி, மூச்சுப் பயிற்சி தெரிந்தவர், இவர் படும் பாட்டைப் பார்த்தார். மறுநாள் திரும்பவும் வந்தார், மூட்டை எதுவும் இல்லாமல். மில் மூலையில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை இந்தப் பெண் எப்படி வேலை செய்கிறாள் என்று மட்டும் பார்த்தார். மில்லில் எல்லாரும் கிண்டல் செய்தார்களாம். வேலை முடிந்ததும் அருகில் வந்து, எப்படி உட்கார்ந்து மூச்சு விட வேண்டும் என்று ஒன்றே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு வருடம் அதை மட்டும் செய்தார் லூர்து மேரி. இளைப்பு அடங்கியது.

அதற்குப் பிறகு பதினொரு வருடம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் பிடித்துப் பனமலை ஏரிக்கரைக்குப் போய் அவரிடம் கற்றுக்கொண்டிருக்கிறார். பங்குச் சாமியார் கேட்டாராம், வாரா வாரம் அவசர அவசரமாக எங்கே ஓடுகிறாய் என்று. "மூச்சு வுடப் போறேன் ஃபாதர்னு சொன்னேன். சிரிச்சிட்டு, எனக்கும் சேத்து வுட்டுட்டு வான்னாரு" என்று டீச்சர் நடைபாதைக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார். பிறகு அந்த ஃபாதரே முதுகு வலிக்கு இவரிடம் வந்திருக்கிறார்.

"அப்போ உங்க வாத்தியார் சர்டிபிகேட் ஏதும் குடுக்கலையா?" என்றேன்.

"குடுத்தாரே. ஆனா காயிதத்துல இல்ல. ஒருநாளு நான் போயிருந்தப்போ, அவரு தரையில படுத்துக்கினாரு. இன்னிக்கு நீ எண்ணு, நான் செய்யறேன்னாரு. எண்ணினேன். அவரு செஞ்சாரு. எழுந்து துண்டை உதறிக்கினு, நாளையிலேர்ந்து நீ சொல்லிக்குடுன்னாரு. அவங்க வாத்தியாரும் அவருக்கு அப்டித்தான் செஞ்சாராம்."

இந்தச் சான்றிதழ் இப்போது போதாது என்பதுதான் சிக்கல். இருபத்திரண்டு வருடமாக வகுப்பு நடக்கும் கூடம் ஒரு அறக்கட்டளைக்குச் சொந்தம். அவர்கள் புதிதாக ஒரு விதி போட்டிருக்கிறார்கள்: தகுதித் தேர்வில் தேறிய ஆசிரியருக்குத்தான் கூடம். ஏப்ரல் மாதத்துக்குள் சான்றிதழ் காட்டாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அவர்களையும் குறை சொல்ல முடியாது. யார் வேண்டுமானாலும் யோகா சொல்லிக்கொடுத்து யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால்?

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது குமரேசன் குரலைத் தாழ்த்தினார். "பன்னெண்டு ஆசனம் செஞ்சி காட்டணும் சார். ஒண்ணு வுட்டாலும் ஃபெயிலு. பன்னெண்டாவது சிரசாசனம். தலைகீழா நிக்கறது. டீச்சர் அதைச் செஞ்சே பத்தொன்பது வருஷம் ஆவுது. வயசுக்காக அதை மட்டும் வுட்டுக்குடுங்கன்னு லெட்டர் போட்டோம். பதிலே வரல. நேர்ல கேக்கலாம்னுதான் போறோம்."

"ஏன் செய்யறதில்ல?"

அவர் தன் வலது கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

குமரேசன் அப்போது இதே ரோட்டில் தனியார் பஸ் டிரைவர். முப்பத்து மூன்று வயது. டீச்சரிடம் முதுகு வலி என்று வந்தவர், மற்றவர்கள் தலைகீழாக நிற்பதைப் பார்த்து ஆசைப்பட்டு, அதுதான் வேண்டும் என்று அடம்பிடித்திருக்கிறார். டீச்சர் கேட்டார்: பிரஷர் இருக்கிறதா? இல்லை என்றார் இவர். இருந்தது. ஆனால் எந்த டிரைவர்தான் அதை வாய்விட்டுச் சொல்வார்? முதலாளி காதுக்குப் போனால் ஸ்டியரிங்கைப் பிடுங்கி இன்னொருவனிடம் கொடுத்துவிடுவாரே. போதாக்குறைக்கு, யோகாதான் செய்கிறோமே என்று மாத்திரையையும் நிறுத்தியிருக்கிறார்.

"வழக்கம்போல டீச்சர் ஒரு நாளு என் வண்டியில வந்து பாத்திருக்கணும். அந்த வாரம் அவங்களுக்குச் சர்ச் திருவிழா வேலை. நானும் ஜல்தி ஜல்தின்னு பேஜாரு பண்ணிக்கினே இருந்தேன். பாக்காமயே குடுத்துட்டாங்க. நாப்பதாவது நாளு கண்ணுல ரத்தம் இறங்கிடுச்சி. டாக்டரு, பிரஷரை வெச்சிக்கினு தலைகீழா நின்னியாடான்னு திட்டனாரு. தப்பு என்னுது சார். பொய் சொன்னவன் நான்தானே?"

நடைபாதைக்கு அந்தப் பக்கம் டீச்சர் எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "பொய் சொன்னது அவன் தப்பு. பாக்காம குடுத்தது என் தப்பு. அவன் என்கூட ஒரு நாளு இருந்திருந்தா மாத்திரை டப்பா என் கண்ணுல பட்டிருக்கும்" என்றார். அன்றிலிருந்து சிரசாசனத்தை யாருக்கும் கொடுப்பதில்லை, தானும் நிற்பதில்லை. அதன் பிறகும் குமரேசன் வகுப்புக்கு வருவதை நிறுத்தவில்லை. பத்தொன்பது வருடம்.

என் பையின் பக்கவாட்டு ஜிப்பில் வைட்டமின் டப்பா இருந்தது. அது என்னவோ திடீரென்று செங்கல் கனம் கனத்தது. இப்போதாவது சொல்லிவிடலாமே என்று வாயைத் திறந்தேன். விழுப்புரம் வந்துவிட்டது என்று கண்டக்டர் கத்தினார். நல்ல சாக்கு.

புது பஸ் ஸ்டாண்டிலிருந்து தேர்வு நடந்த கல்யாண மண்டபத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய். மண்டபத்தில் வெள்ளை பனியன் போட்ட பிள்ளைகள் அறுபது பேர் இருக்கலாம், எல்லாருக்கும் இருபது இருபத்தைந்து வயதுதான். ரப்பர் மாதிரி வளைந்தார்கள். சுடிதாருக்கு மேல் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு டீச்சர் அவர்களுக்கு நடுவில் நின்றபோது, யாருக்கோ துணைக்கு வந்தவர் என்று நினைத்து ஒரு பையன் நாற்காலியைக் காட்டினான்.

11.20க்குப் பெயர் கூப்பிட்டார்கள். நானும் குமரேசனும் பார்வையாளர் பெஞ்சில் இருந்தோம். பதினொரு ஆசனம் செய்தார். யோகாவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனாலும் வித்தியாசம் தெரிந்தது. பிள்ளைகள் ஒவ்வொரு நிலைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். இவர் போவதும் திரும்புவதும்கூட ஆசனமாகவே இருந்தது. ஒரு எலும்புச் சத்தம் இல்லை, ஒரு அவசரம் இல்லை. பக்கத்து விரிப்பில் தன் முறைக்காகக் காத்திருந்த பெண் தன்னை அறியாமல் இவருடைய மூச்சுக்குச் சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று எழுதினால் மிகை என்பீர்கள். எழுதத்தான் செய்வேன்.

தேர்வாளர் முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண். கனிவானவர். "பிரமாதம் அம்மா. கடைசி ஒண்ணு" என்றார்.

"அதை மட்டும் மன்னிக்கணும் மேடம். லெட்டர் போட்டிருந்தேன்."

அந்தப் பெண் காகிதங்களைப் புரட்டினார். கடிதம் இல்லை. தலைமை மேஜைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். முகம் வாடியிருந்தது. "விதியில வயசுக்குத் தளர்வு இல்லையாம் அம்மா. ஒண்ணு பண்ணுங்க, செவுத்துல காலைச் சாச்சு ஒரு பத்து எண்ணுற வரைக்கும் நில்லுங்க. நான் போட்டுடறேன்."

பத்து எண்ணிக்கை. கூடம், சாவி, முப்பத்தெட்டுப் பேர் எல்லாம் அந்தப் பத்துக்குள் இருந்தது. "நில்லுங்களேன்" என்று நானே மனதுக்குள் கெஞ்சினேன். அப்போது குமரேசன் எழுந்துவிட்டார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. பஸ் ஸ்டாண்டில் கத்திப் பழகிய குரல் அல்லவா.

"டீச்சர், நில்லுங்க! எனக்காகத்தானே வுட்டீங்க? நானே சொல்றேன், நில்லுங்க!"

டீச்சர் அவரைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. "உனக்காக இல்ல குமரேசா. இந்தக் கழுத்து பத்தொன்பது வருஷமா உடம்பைத் தாங்கல. ஆளைப் பாக்காம, ஜல்திக்காக ஆசனம் குடுத்தா இன்னா ஆவும்னு நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும். இன்னிக்கு அந்த ஆளு நான்." பிறகு தேர்வாளர் பக்கம் திரும்பினார். "நீங்க நல்லவங்க மேடம். உள்ளதை எழுதுங்க."

அந்தப் பெண் உள்ளதையே எழுதினார். தேர்ச்சி இல்லை. கிளம்பும்போது எழுந்து நின்று டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் குமரேசன் ஒரு வேப்ப மரத்தடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். டீச்சர் அவர் தோளில் கையை வைத்து, "பசிக்குது குமரேசா" என்றார். சாப்பாடு ஒன்று நூறு ரூபாய். ரசம் நன்றாக இருந்தது, யாரும் ரசிக்கும் நிலையில் இல்லை. சாப்பிட்டதும், "இவ்ளோ தூரம் வந்துட்டோம், பனமலை போய்ட்டுப் போவலாம்" என்றார் டீச்சர்.

விழுப்புரத்திலிருந்து பனமலை இருபத்திரண்டு கிலோமீட்டர் இருக்கும். பஸ் குறைவு. நாங்கள் 1.50க்கு ஏறி, 2.45க்கு இறங்கினோம். சின்னக் குன்றின் மேல் பல்லவர் காலத்துச் சிவன் கோயில், கீழே ஏரி, சுற்றிலும் வயல். காவலர் இருந்தால் உள்ளே பழைய ஓவியத்தின் மிச்சத்தைக் காட்டுவார். அன்று இருந்தார். படியேறும்போது நான் மூன்று இடத்தில் நின்றேன், டீச்சர் ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

இறங்கி வந்து ஏரிக்கரையில் உட்கார்ந்தோம். அவருடைய வாத்தியார் சொல்லிக்கொடுத்த இடம். அவர் காலமாகிப் பல வருடம் ஆகிறது. இதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "டீச்சர், நான் உங்ககிட்ட ஒரு பொய் சொன்னேன்" என்று ஆரம்பித்தேன்.

"ஓட்டல்ல செவுத்தைப் பாத்துக்கினு போட்டீங்களே, அதுவா?" என்றார். குமரேசன் ஏரியைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கோபித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

"பையை வலது தோளை வுட்டு எறக்கவே மாட்டேங்கறீங்க, பஸ்ல உக்காந்தாக்கூட. பின்பாக்கெட்டுல பர்ஸை வெச்சிக்கினு அது மேலயே உக்கார்றீங்க. இடுப்பு வலிக்காம இன்னா பண்ணும்? அது கெடக்கட்டும். திண்டிவனத்துலேர்ந்து விழுப்புரம் வர்றதுக்குள்ள வாச்சை இருபத்தாறு வாட்டி பாத்தீங்க தம்பி. எண்ணினேன். ஒவ்வொருவாட்டியும் மூச்சை நிறுத்திக்கினு பாக்கறீங்க." காலையில் நான் 'சார்'. இப்போது 'தம்பி' ஆகியிருந்தேன்.

எனக்குக் கிடைத்த ஆசனம்: சவாசனம். மல்லாந்து, கையைக் காலைத் தளர்த்திப் பிணம் போலப் படுப்பது. தினமும் காலையில், வாட்ச் இல்லாமல், போன் இல்லாமல், ஒரு வருடம். "மாத்திரையை நிறுத்தக் கூடாது. டாக்டரைக் கேக்காம ஒண்ணும் செய்யக் கூடாது. சும்மா படுங்க." தொண்ணூறு கிலோமீட்டர் வந்து சும்மா படுக்கக் கற்றுக்கொண்டவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வீட்டில் சொன்னபோது மனைவி சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது. ஆனால் படுத்துப் பாருங்கள். முதல் வாரம் எனக்கு மூன்று நிமிடம் தாண்டவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். முதல் நாள் மாலையே திண்டிவனம் போய்விடுங்கள், ஊருக்குள் போகும் பஸ்ஸாகப் பார்த்து. இரண்டு நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாள் டீச்சர் உங்களைப் பார்ப்பதற்கு. எனக்குப் பனமலை வரை எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறுக்குச் சற்று மேல் ஆனது. கடைசி பஸ் விஷயத்தைப் பனமலையில் இறங்கும்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை போடுகிறீர்கள் என்றால் முதல் கேள்வியிலேயே சொல்லிவிடுங்கள், எப்படியும் தெரிந்துவிடும்.

இன்னொன்று, இது முக்கியம்: பழைய கூடத்துக்குப் போகாதீர்கள். ஏப்ரல் கடைசியில் டீச்சர் சாவியைக் கொடுத்துவிட்டார். கமிட்டிக்குப் பக்கத்தில் ஒரு மண்டிக்காரர், மல்லாட்டை காயவைக்கும் தன் சிமெண்டுக் களத்தைக் காலை 5.15 முதல் 6.15 வரை விட்டுக்கொடுத்திருக்கிறார். 6.15க்கு மூட்டையைப் பிரித்துக் கொட்டிவிடுவார்கள். முப்பத்தெட்டுப் பேர் இருபத்தாறு பேர் ஆகியிருக்கிறார்கள். பாய் வருவதில்லை, தரை கழுத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். டீச்சர் வானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு விளக்குமாற்றை எடுத்தார்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை நான் மறுபடி போனேன். கமிட்டிப் பெண்கள் களத்தைக் கூட்டிப் பொடிக்கற்களைப் பொறுக்கிப் போட்டிருந்தார்கள். வாசலில் குமரேசன் புதிதாக வந்த ஒருவரை நிறுத்தி, "பிரஷர் இருக்குதா? பொய் சொல்லாதீங்க, என்னைப் பாருங்க" என்று தன் கண்ணைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் வாட்சைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு மூலையில் மல்லாந்தேன். டீச்சர் எண்ண ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். ஆரம்பிக்கவில்லை. தலையைத் திருப்பிப் பார்த்தேன். டீச்சர் ஒரு சாக்கை விரித்து, எங்களைப் போலத் தரையில் படுத்துவிட்டிருந்தார்.

"இன்னிக்கு நீ எண்ணு குமரேசா" என்றார்.

பனமலை வாத்தியாரின் அதே வார்த்தை அது என்று அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. குமரேசன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். ஒரு கண்ணால் வரிசை வரிசையாக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார், யாருக்கு மூச்சு கம்மி என்று. பார்த்து முடிக்க நேரம் ஆனது. எவ்வளவு என்று நான் குறித்துக்கொள்ளவில்லை. பிறகு, பஸ் ஸ்டாண்டில் நான் கேட்டே இராத ஒரு மெல்லிய குரலில், "ஒண்ணு" என்றார்.